பொட்டு வைத்த பக்கம்

அவரைப் பற்றி நல்லதாக ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்கலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றுதான் கிடைத்தது. அவருடைய கையெழுத்து மணிமணியாக இருக்கும். அந்தக் கையெழுத்தால்தான் என் பிழைப்பில் மண்ணைப் போட்டார் என்பதால் அதையும் நல்லதில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் இன்னும் மல்லேஸ்வரத்தில் இருக்கிறார்கள், அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நான் அவரை ஐயா என்று கூப்பிட்டேன். இங்கேயும் ஐயா என்றே எழுதுகிறேன். மரியாதையினால் அல்ல, வாய்க்குப் பழகிவிட்டது.

சமஸ்தானத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கரை, மதகு, சின்னச் சின்னப் பாலங்கள், இவைதான் அவர் கட்டியவை. பென்ஷனோடு மல்லேஸ்வரத்தில் வீடு கட்டிக்கொண்டு, பழைய நான்கு கதவு மோட்டார் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தார். யுத்த காலத்தில் மூன்று வருஷம் அதை நான் ஓட்டினேன். ஆஸ்டின் டவுனிலிருந்து விடியற்காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் ஆறரைக்குள் அவர் வீட்டு ஷெட்டைத் திறக்க வேண்டும். ஆறரை என்றால் அவருடைய ஆறரை. ஊரில் மற்றவர்களுக்கு அப்போது ஆறு இருபத்திரண்டு.

அவருடைய பாக்கெட் கடிகாரம் எட்டு நிமிஷம் முந்தி ஓடியது. மச்சினர் ஒருவர் ஊரிலிருந்து வந்தபோது இதைச் சொல்லிவிட்டார். ஐயா கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார், மூடி உள்ளே போட்டுக்கொண்டார். "நான் பாத்து வெச்சது" என்றார். அவ்வளவுதான். அந்த மச்சினரை ரயிலேற்றப் போனபோது வண்டி எட்டு நிமிஷம் தாமதமாக வந்தது என்று வீட்டுக்குத் திரும்பியதும் ரயில்வேக்கு ஒரு கடிதம் எழுதினார். அதைத் தபாலில் போட்டவன் நான்தான்.

நான் பாத்து வெச்சது. அந்த மூன்று வார்த்தையை மூன்று வருஷத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. குரலை உயர்த்தமாட்டார். கத்துகிற முதலாளி என்றால் நமக்கு ஒரு பிடி கிடைக்கும், கத்தி முடித்தபின் கொஞ்சம் இறங்கி வருவார். இவர் கோபப்படவே மாட்டார். மெல்லிய உடம்பு, தலையில் சரிகைக்கரை போட்ட வெள்ளைப் பேட்டாத் தலைப்பாகை, அதன் மடிப்பில் செருகிய பென்சில். அந்தப் பென்சிலால் காற்றில் ஒரு கோடு இழுப்பார். இழுத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அவர் வீட்டு வாசல் சாக்கடைக்கு அவரே வாட்டம் போட்டிருந்தார். மழை பெய்தால் தண்ணீர் தெருவுக்குப் போகாமல் நேரே ஷெட்டுக்குள் வரும். ஒரு ஆகஸ்ட் மாதம் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு நான் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தேன். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். வாட்டம் சரியாகத்தான் இருக்கிறது, இந்த மாசத்தில் மழை மேற்கேயிருந்து வரக்கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் சிரித்துவிட்டேன். அப்போது எனக்கு அவர்மேல் வெறுப்பு இல்லை. ஆஸ்டின் டவுனுக்குத் திரும்பி என் சம்சாரத்திடம் அவரைப் போலவே பேசிக் காட்டுவேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவர் மனைவிக்கு மட்டும் இந்தச் சிரிப்பு வராது. அந்த அம்மாள் நாற்பது வருஷமாக எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிச் சொல்லியே குரல் தேய்ந்து போனவர்.

அவர் பாத்து வெச்சது என்று சொல்வதில் ஒரு சூட்சுமம் இருந்தது. பார்த்தது அவர், வைத்தது எப்போதும் அடுத்தவன் கை. அவர் விரலில் கிரீஸ் பட்டு நான் பார்த்ததில்லை. ஷெட்டில் ஒரு தேக்கு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். கையில் நோட்டுப் புத்தகம். வண்டிக்கு அடியில் நான். எந்த நட்டை எவ்வளவு திருக வேண்டும் என்று முக்காலியிலிருந்தபடி சொல்வார். குனிந்து பார்த்ததே இல்லை. குனிந்தால் பேட்டா விழுந்துவிடும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான் அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்குக் காரணம் ஒரு கடிதம். அந்தக் காலத்தில் டிரைவருக்கு லைசென்ஸைவிடப் பெரியது பழைய முதலாளி எழுதிக் கொடுக்கிற நடத்தைக் கடிதம். லைசென்ஸ் எல்லோரிடமும் இருக்கும். கடிதம் நல்லதாக இருந்தால்தான் அடுத்த வீட்டில் கேட்டைத் திறப்பார்கள். எங்கள் மாதா கோயில் சாமியார் மூலமாக எனக்கு ஒரு வேலை வருவதாக இருந்தது. தண்டு என்கிற கன்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற வேலை. பழைய டிரைவர் கிறிஸ்துமஸோடு நிற்கிறார், இப்போதைய முதலாளியிடமிருந்து கடிதம் கொண்டுவந்தால் இடம் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். குவார்ட்டர்ஸ் உண்டு. இரண்டு அறை, வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். தெருக் குழாயில் நாலு மணிக்கே குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்தே என் சம்சாரத்துக்கு இடுப்பு போயிருந்தது. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, யாரிடமும் சொல்லாமல் அந்தக் குவார்ட்டர்ஸுக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். தண்ணீர் வருது என்று என்னிடம் சொன்னாள்.

ஐயாவிடம் விஷயத்தைச் சொன்னேன். டிசம்பர் வரட்டும், எழுதித் தருகிறேன் என்றார். அவர் மறுக்கவில்லை என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்னால் வண்டியின் பின்பக்கம் முனக ஆரம்பித்தது. பின் ஆக்சிலைத் தாங்குகிற கமான் பட்டைகள், அதாவது வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்குகள், பக்கத்துக்கு ஒன்று. இடையில் துருவும் மண்ணும் ஏறிப்போயிருந்தது. ஒர்க் ஷாப்புகளில் எல்லாம் மிலிட்டரி லாரிகள் நின்ற காலம். அப்படி இல்லாவிட்டாலும் ஐயா விட்டிருக்கமாட்டார். வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்து, பூஜையில் வைத்துவிட்டு மாட்டலாம் என்று தீர்மானித்தார்.

வண்டியைக் கட்டைமேல் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, போல்ட்டுக்கெல்லாம் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, இரண்டு கமானையும் இறக்கினேன். பட்டை பட்டையாகப் பிரித்துத் தேய்த்து, கிரீஸ் பூசி மறுபடி கட்டினேன். கட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் பேருக்குத்தான் சென்டர். அது நட்டநடுவில் இல்லை. என் சாண் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒன்றரை அங்குலம் போலக் குட்டை. அந்தக் குட்டைப் பக்கம்தான் வண்டியில் முன்னால் இருந்தது. திருப்பி மாட்டினால் அந்தப் பக்கத்துச் சக்கரம் ஒன்றரை அங்குலம் பின்னால் போய்விடும். ஆகவே இரண்டு கமானிலும் குட்டைப் பக்கத்து முனையில் சாக்பீஸால் முன் என்று எழுதி வைத்தேன்.

பூஜை அன்று எனக்கு லீவு. மறுநாள் காலை போனால் ஷெட்டில் விளக்கு, பொரி, கடலை, பூசணிக்காய், எல்லாம் அப்படியே இருந்தன. விளக்குக்கு வலப்பக்கம் ஒரு கமான், இடப்பக்கம் ஒரு கமான். அவரே பக்கத்தில் நின்று வேலைக்காரியைக் கொண்டு ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். பூஜைச் சாமான்மேல் சாக்பீஸ் கிறுக்கல் இருக்கலாமா? முழுக்க வெள்ளி பெயின்ட் அடித்து, விளக்கைப் பார்த்த முனைகளில் சிவப்புப் பெயின்டால் பொட்டும் வைத்திருந்தார். குங்குமம் என்றால் தெருச் சேற்றில் போய்விடுமாம், இது போகாதாம். நோட்டுப் புத்தகத்தில் படம்கூட வரைந்திருந்தார். இரண்டு கமான், இரண்டு பொட்டு. பொட்டு வைத்த பக்கம் முன்னால் வரவேண்டும் என்று கீழே எழுதியிருந்தார்.

நான் இரண்டையும் பார்த்தேன். வலது கமானில் பொட்டு குட்டைப் பக்கத்தில்தான் இருந்தது. இடது கமானில் நீளப் பக்கத்தில் இருந்தது.

வலது கமான் சொன்னபடி கேட்டது. முன்முனைக் கண்ணில் பின்னைச் செருகி, பின்முனைக் கண்ணை ஷாக்கிள் கொக்கியில் மாட்டி, ஜாக்கியால் ஆக்சிலைத் தூக்கினதும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் மேலிருந்த குழியில் போய் உட்கார்ந்தது. இடது பக்கம் மாட்டித் தூக்கினேன். போல்ட்டின் தலை குழிக்குப் பின்னால் நின்றது. நான் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "ஐயா, இந்தக் கமான் முன்னும் பின்னும் மாறியிருக்கு. போல்ட்டு நடுவுல இல்லீங்க. குட்டைப் பக்கம்தான் முன்னாடி வரணும். திருப்பிப் போட்டுர்றேன்" என்றேன்.

அவர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்.

"சென்டர் போல்ட்டை சென்டர்ல வெக்காம எந்த எஞ்சினியரும் பண்ணமாட்டான். பொட்டு எந்தப் பக்கம் இருக்கு?"

"முன்பக்கம்."

"அப்ப சரி. அது நான் பாத்து வெச்சது."

ஒரு தரம் டேப் வைத்து அளந்து காட்டுகிறேன் என்றேன். பூஜையில் வைத்து எடுத்ததை நீ அளந்து சரிபார்க்கப் போகிறாயா என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பென்சில் காற்றில் ஒரு கோடு இழுத்தது. கடப்பாரையை எடுத்து நெம்பு, உட்காரும் என்றார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நான் இரண்டாவது தடவை சொல்லவில்லை. டிசம்பருக்கு இரண்டு மாசம்தான் இருந்தது. குழாயில் தண்ணீர் வருது என்று அவள் சொன்னது காதில் இருந்தது. கடப்பாரையைக் கொடுத்து, ஆக்சிலைப் பின்னால் தள்ளி, போல்ட்டைக் குழியில் இறக்கினேன். யூ போல்ட்டுகளைப் போட்டு இறுக்கினேன். ஒரு வண்டியைக் கோணலாக்கிய கை என்னுடையதுதான். தெரிந்தே செய்தேன்.

மறுநாளே வண்டி அதைக் காட்டிக்கொடுத்தது. நேராகப் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பியே பிடிக்க வேண்டியிருந்தது. நான் கண்ணுக்கு முன்னால் தெரிகிற ரோட்டில் நேராகப் போனேன், வண்டியின் பின்புறம் மட்டும் இடப்பக்கம் ஒதுங்கி, தெருநாய் ஓடுகிற மாதிரி கூடவே வந்தது. பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "ஏனப்பா சூசை, காரு சொட்டகே ஹோக்தா இதெ" என்றார். கோணலாகப் போகிறது என்பது பின்னால் வருகிற பால்காரருக்குத் தெரிந்தது. பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்தது ஸ்டியரிங் மட்டும்தான். உன் கை இடப்பக்கம் இழுக்கிறது என்றார்.

கமான்தான் ஐயா என்று சொல்லிப் பார்த்தேன். இந்தத் தடவை அவர் கோடுகூட இழுக்கவில்லை. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். ஓட்டத் தெரியாத மனிதர். காலையில் குதிரை வண்டிகள் வருவதற்கு முன்னால் ரோட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடச் சொல்லி, அந்தக் கோட்டின் மேலேயே என்னை ஓட்டச் சொன்னார். போகவர ஆறு தடவை. பஜனைக்குப் போகிறவர்கள், காய்கறிக்காரிகள், எல்லாரும் நின்று பார்த்தார்கள். பத்து வருஷம் வண்டி ஓட்டியவன் நான், எனக்கு முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டியது. ஆறாவது தடவையும் ஸ்டியரிங் இடப்பக்கம்தான் இருந்தது. பழகினால் சரியாகிவிடும் என்று ஒரு வாத்தியார் போலச் சொன்னார்.

அந்த அம்மாள் கேட்டுக்கு நடுவில் தினமும் கோலம் போடுவார். அளவாக, இரண்டு சக்கரத் தடத்துக்கும் நடுவில் அடங்குகிற மாதிரி. மூன்று வருஷத்தில் ஒரு புள்ளியைக்கூட என் சக்கரம் தொட்டதில்லை. கமான் மாட்டிய பிறகு தினமும் வலது பின்சக்கரம் கோலத்தின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டு போனது. அம்மாள் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், இத்தனை நாள் படாத சக்கரம் இப்போது ஏன் படுகிறது என்று புருஷனிடம் கேட்டுவிட்டார். அந்த வீட்டில் அவர் கேட்ட கேள்வி என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். ஐயா கோலத்தைச் சின்னதாகப் போடச் சொன்னார். மறுநாள் கோலம் சின்னதாக இருந்தது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் எனக்கு ஒரு வழி தோன்றியது. நேரான வண்டியில் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்திலேயே போகும். மண் ரோட்டில் பார்த்தால் இரண்டே கோடு இருக்கும். வீட்டுக்குப் பின்னாலிருந்த ஈரமண் ரோட்டில் ஐம்பது கஜம் நேராக ஓட்டினேன். நாலு கோடு விழுந்தது, அளந்து வைத்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் ஓடியது. ஐயாவை வரச்சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும், கையின் கோளாறு என்றால் கோடு வளையும், இரட்டிக்காது. அவர் நின்றபடியே பார்த்தார். குனியவில்லை. மண் இளகியிருக்கிறது, கோடு நகர்ந்திருக்கிறது என்றார்.

மண்மேலேயே பழியைப் போட்ட அந்தக் காலையில்தான் எனக்கு அவரிடம் சிரிப்பு நின்றுபோனது. அன்றைக்கு வீட்டில் அவரைப் போலப் பேசிக் காட்டச் சொன்னாள் என் சம்சாரம். நான் காட்டவில்லை.

நவம்பர் கடைசியில் கேட்டுக்குள் நுழையும்போது, ஒதுங்கி வந்த பின்புறம் இடது தூணில் உரசியது. மட்கார்டு ஒரு முழ நீளம் பெயின்ட் உரிந்தது. ஐயா இறங்கினார், தூணைப் பார்த்தார், மட்கார்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். அன்று சாயங்காலமே என்னை நிறுத்திவிட்டார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. கேட்ட கடிதத்தை இப்போதே தருகிறேன் என்று உட்கார்ந்து அரை மணி நேரம் எழுதினார். எழுதியது இங்கிலீஷில், எனக்கு நாலு வார்த்தைதான் தெரியும், அந்த அழகான கையெழுத்தைப் பார்த்து நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக்கூட வந்தேன்.

சாமியார்தான் படித்துச் சொன்னார். ஒழுக்கமானவன், குடிப்பதில்லை, நேரத்துக்கு வருகிறவன். ஆனால் வண்டியை நேராகப் பிடிக்க இவனால் முடியவில்லை, இடக்கை இழுக்கிறது, எவ்வளவோ பயிற்சி கொடுத்தும் திருந்தவில்லை, இவனை நம்பி ஆட்களை ஏற்றுகிறவர்கள் யோசித்துச் செய்யவும். சாமியார் கடிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தார். நோயாளிகளை ஏற்றுகிற வண்டி, இதைக் கொண்டுபோய் நான் எப்படிக் கொடுப்பேன் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அந்த ஆம்புலன்ஸ் வேறு ஒருவருக்குப் போயிற்று. மறுநாள் என் சம்சாரம் நாலு மணிக்கு எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் போனாள். போகும்போது இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆளின் கழுத்தைப் பிடித்தால் என்ன என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது உண்மை.

ஒரு ரொட்டிக் கடையின் டெலிவரி வேன் கிடைத்தது. ரொட்டிக்கு யாரும் கடிதம் கேட்பதில்லை. ஐந்தாறு மாசம் கழித்து ஒரு காலை மல்லேஸ்வரம் சந்தைக்கு ரொட்டி இறக்கப் போனபோது, காப்பிப்பொடிக் கடைக்கு எதிரே அந்த மோட்டார் நின்றிருந்தது. மட்கார்டுக்குப் புதுப் பெயின்ட். வண்டியைச் சாய்ந்து நின்ற டிரைவர் புது ஆள், கோலார் பக்கத்துக்காரர். என்னைத் தெரியாது. ரொட்டி வேன்காரன் என்று நினைத்துச் சாதாரணமாகப் பேசினார். நானும் சாதாரணமாகப் பேசிக்கொண்டே பின்னால் போய்க் குனிந்தேன்.

வலது கமானில் சிவப்புப் பொட்டு முன்முனையில் இருந்தது. இடது கமானைப் பார்த்தேன். பொட்டு பின்முனைக்கு வந்திருந்தது. சேற்றுக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

வண்டி நேரா ஓடுதா என்று கேட்டேன். "இப்ப ஓடுதுங்க. முன்ன இருந்த டிரைவர் ஒருத்தன் கமானை மாத்திப் பூட்டி வெச்சிருந்தானாம். ஐயாதான் கண்டுபிடிச்சாரு. நான் வந்த மொத நாளே கழட்டித் திருப்பிப் போட்டோம்" என்றார்.

நான் இருந்தவரை குனியாத முதுகு, அடுத்த ஆள் வந்த முதல் நாளே குனிந்திருக்கிறது. தப்பு தெரியாமல் எழுதினாரா, தெரிந்தே எழுதினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் எழுதிய பிறகு தெரிந்திருக்கிறது. ஆஸ்டின் டவுனில் என் வீடு எங்கே என்பதும் தெரியும். ஒரு தபால் கார்டு போதும். ரயில் எட்டு நிமிஷம் தாமதம் என்று எழுதத் தெரிந்தவர்தானே.

அவர் கடையிலிருந்து பையோடு வந்தார். வண்டிக்குப் பின்னால் குனிந்து நிற்கிற என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. விரலை நீட்டி அந்தப் பொட்டைக் காட்டினேன். அவர் பார்வை விரலோடு போகவில்லை, என் முகத்திலேயே நின்றது. எதைக் காட்டுகிறேன் என்று தெரிந்தவரால்தான் அப்படிப் பார்க்காமல் இருக்க முடியும்.

"ஐயா, கமான்தான் மாறியிருந்துச்சுன்னா என் கைமேல தப்பு இல்லியே. அந்தக் கடுதாசிய மட்டும் மாத்தி எழுதிக் குடுத்துருங்க" என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கழுத்தைப் பிடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவன் கெஞ்சினேன்.

அவர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். மூடி உள்ளே போட்டுக்கொண்டார்.

"கடுதாசியா? அது நான் பாத்து எழுதினது" என்றார்.

கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். அந்தக் கோலார்க்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் அந்த முன்ன இருந்த டிரைவர் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வண்டியை எடுத்தார். அது சந்தையைத் தாண்டி, அம்பு விட்ட மாதிரி நேராகப் போயிற்று.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் ஓட்டினேன். ரொட்டி வேன், சோடா லாரி, கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்து வேன். தூண் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் ஒரு நாள்கூட என்னால் ஸ்டியரிங்கைச் சும்மா பிடிக்க முடியவில்லை. கை இடப்பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை என்று தெரியும், இருந்தாலும் பார்த்தேன். நேரான ரோட்டில் பிள்ளைகள் பாடிக்கொண்டு வரும்போதுகூட என் கண் என் கைமேல்தான் இருந்தது. குவார்ட்டர்ஸ் போனதையும் குழாய் போனதையும் மன்னித்திருப்பேனோ என்னவோ. என் கையை எனக்கே சந்தேகப்பட வைத்ததை மன்னிக்கமாட்டேன்.

வேலையிலிருந்து நின்ற கடைசி நாள் மழை பெய்து விட்டிருந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பள்ளிக்கூட மைதானத்தின் செம்மண்ணில் வேனை நேராக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன். இறங்கிப் பின்பக்கமாக நடந்தேன். எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று ஆயா கேட்டாள். இல்லை என்றேன். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் இரண்டே கோடு இருந்தது. பார்க்க வேண்டிய மனிதர் செத்துப் பல வருஷமாகியிருந்தது. இருந்திருந்தாலும் எனக்காகக் குனிந்திருக்கமாட்டார்.